ஐந்து வருட ஸ்பிளெண்டருக்கு நியாயமான விலை எது? விற்பவர் விலை சொல்ல மறுக்கிறார்

பெருந்துறைப் பணியாளன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீதியில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த அண்ணன் ஒருவர் கடந்த செப்டம்பரில் மாரடைப்பால் காலமானார். அவருடைய ஸ்பிளெண்டர் பிளஸ் அன்றிலிருந்து திண்ணையோரம் சாக்குப் போர்த்தி நிற்கிறது. 2021 ஜனவரியில் பெருந்துறையில் பதிவான, டி.என். 56 எண் கொண்ட, முதல் கை வண்டி. மீட்டர் 38,400 கிலோமீட்டர் காட்டுகிறது. சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வர எனக்கு ஒரு வண்டி வேண்டும் என்பது தெரிந்து, அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, "நீயே ஒரு விலை போட்டுக் குடு கண்ணு, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அதுதான் என் சிக்கல். அவர் ஒரு தொகை சொல்லியிருந்தால் நான் குறைத்துக் கேட்டிருப்பேன். இருவரும் எங்கோ ஓரிடத்தில் வந்து நின்றிருப்போம். இப்போது இரண்டு பக்கத்துக்கும் நானே பேச வேண்டியிருக்கிறது. இதற்கு முன் பழைய வண்டி வாங்கி விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங்காரர் வந்து பார்த்து 28 ஆயிரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இணைய விளம்பரங்களில் இதே வருடத்து வண்டிக்கு 55 ஆயிரம் வரை போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே எதை நியாயம் என்று சொல்வது? அந்த அம்மாவை ஏமாற்றிவிட்டதாகப் பின்னாளில் எனக்கே தோன்றக்கூடாது; என் சம்பளத்துக்கு மீறிக் கொடுக்கவும் இயலாது. கணக்குப் போடும் முறையைச் சொல்லித் தாருங்கள்.

கோபி கணக்காளர்

தம்பி, முதலில் விளம்பரத்தில் இருக்கும் 55 ஆயிரத்தை மறந்துவிடுங்கள். அது விற்பவர் கேட்கும் தொகையே தவிர விற்ற தொகை அன்று. அதிலும் பலர் கடந்த ஆண்டு விலையை மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இரு சக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. 80,000 ரூபாய் எக்ஸ் ஷோரூம் விலையாக இருந்த வண்டி அதனால் 73,750 ரூபாய்க்கு வந்துவிட்டது. புதிய வண்டி இறங்கினால் பழைய வண்டியும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே அவர் அன்று என்ன விலைக்கு வாங்கினார் என்பது இந்தக் கணக்கில் வராது. இன்று அதே வண்டி புதிதாக என்ன விலை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஷோரூமில் ஒரு விலைத்தாள் வாங்கி, எக்ஸ் ஷோரூம் விலை, ஆயுள் வரி, காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாக இங்கே எழுதுங்கள். மொத்தமாக ஆன்ரோடு விலையை மட்டும் சொன்னால் கணக்குப் பிழையாகப் போய்விடும்.

பெருந்துறைப் பணியாளன்

மிக்க நன்றி ஐயா. இன்று மாலை விசாரித்தேன். எக்ஸ் ஷோரூம் 74 ஆயிரம், ஆயுள் வரி 7,400, மீதம் காப்பீடும் பதிவுச் செலவும் சேர்த்து ஆன்ரோடு விலை 91 ஆயிரத்தை ஒட்டி வருகிறது.

காங்கேயத்து விவசாயி

விலைக்குப் போவதற்கு முன் மீட்டரை நம்பலாமா என்று பாருங்கள். மாடு வாங்கும்போது விற்பவர் சொல்லும் வயதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்து இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம். வண்டிக்கும் பல் உண்டு. பின்பிரேக் மிதியின் மேல்வரி, கால் வைக்கும் ரப்பர், கைப்பிடி, சாவித் துவாரத்தின் ஓரம் ஆகிய நான்கையும் பாருங்கள். மீட்டர் 38 ஆயிரம் என்று சொல்லி, மிதி வரியே இல்லாமல் வழுக்கையாக இருந்தால் அந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். சர்வீஸ் புத்தகம் இருந்தால் ஒவ்வொரு தேதிக்கும் எழுதிய கிலோமீட்டர் ஏறுமுகமாக, சீராக வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, அவர் எங்கே வேலைக்குப் போய் வந்தார்? ஈரோட்டுக்குத் தினமும் போய்வந்தவர் என்றால் இந்த 38 ஆயிரம் பொருந்தாது.

பெருந்துறைப் பணியாளன்

அவரும் சிப்காட்டில்தான் வேலை பார்த்தார் அண்ணா. போகவர 16 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 4,800. இறக்கும்வரை நான்கே முக்கால் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 23 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சென்னிமலைக்கும் மாமனார் ஊருக்கும் போய்வந்ததைச் சேர்த்தால் மீட்டர் சொல்வது சரியாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. சர்வீஸ் புத்தகம் பீரோவில் பத்திரமாக இருந்தது. எல்லாப் பக்கத்திலும் அவருடைய கையெழுத்தில் ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் முடிந்த பிறகும் அவராகவே எழுதி வந்திருக்கிறார்.

கோபி கணக்காளர்

நல்லது. அப்படியானால் தொடங்கலாம்.

91 ஆயிரத்தில் காப்பீட்டுக்கான பங்கு உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. 2018 செப்டம்பருக்குப் பின் விற்ற புதிய இரு சக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே போடப்பட்டது. 2021 ஜனவரி வண்டிக்கு அது கடந்த ஜனவரியோடு முடிந்திருக்கும். ஆகவே அந்தத் தொகையை அப்படியே விட்டுவிடுங்கள்.

வண்டியின் விலை 74 ஆயிரம். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணையில் நான்கிலிருந்து ஐந்தாண்டு வரையிலான வாகனத்துக்கு 50 விழுக்காடு கழிப்பார்கள். இந்த வண்டி ஐந்தைச் சற்றே தாண்டியிருந்தாலும் அதையே எடுத்துக்கொண்டால் 37 ஆயிரம். ஆயுள் வரி பதினைந்து ஆண்டுக்குக் கட்டியது. பதிவு 2036 ஜனவரி வரை செல்லும் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் மீதம் இருக்கிறது. 7,400இல் அது 4,900 சொச்சம். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 41,900 ரூபாய். வயதுக்கேற்ற சராசரி நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இது தொடக்கப் புள்ளி. நிலைமையைப் பார்த்து இதிலிருந்து ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.

அவிநாசி முன்னாள் கன்சல்டிங்காரர்

பதினோரு ஆண்டுகள் பழைய வண்டி வாங்கி விற்ற அனுபவத்தில் சொல்கிறேன். ஐயா சொன்ன அட்டவணை வண்டி திருட்டுப் போனால் எவ்வளவு இழப்பீடு தருவது என்பதற்காக வந்தது; சந்தை அதைப் பார்த்து நடப்பதில்லை. நம் பக்கத்தில் ஸ்பிளெண்டர் அந்த அளவுக்கு விழாது. தறிக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், பனியன் கம்பெனிக்குப் போகிறவர் எல்லாரும் அதையே கேட்பதால் கடைக்கு வந்த வண்டி ஒரு மாதம்கூட நிற்பதில்லை. அதே வயதுடைய, அதைவிட விலை கூடிய 150 சி.சி. வண்டி மூன்று மாதம் தூசி படிந்து நிற்கும்.

28 ஆயிரம் கேட்டவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது குறைவுதான், நான் இருந்தால் 32 சொல்லியிருப்பேன். ஆனாலும் அதைக் கொள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வாங்கிய வண்டிக்கு டயர், பேட்டரி, பாலிஷ் என்று ஐந்தாயிரம் போகும். கடை வாடகை, முதலுக்கு வட்டி, வாங்கிப் போனவர் பத்து நாளில் திரும்பி வந்து இன்ஜின் சத்தம் என்று நின்றால் அதற்கொரு செலவு. இத்தனையும் போட்டுத்தான் 44, 45 என்று விற்போம். நீங்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்ளும்போது நடுவில் இருந்த அந்தக் கடைக்காரரின் பங்கு யாருக்கும் போகாமல் மிஞ்சி நிற்கிறது. உங்களுடைய கேள்வி உண்மையில் அந்த மிச்சத்தைப் பற்றியதுதான். முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டால் 32க்கு வாங்கலாம். முழுவதையும் அந்த அம்மாவுக்கே விட்டால், செய்ய வேண்டிய வேலையைக் கழித்து 39, 40 வரை கொடுக்கலாம். விவரம் தெரிந்த இரண்டு பேர் என்றால் பாதிக்குப் பாதி என்று முடிப்பார்கள். இங்கே ஒருவருக்குத்தான் விவரம் தெரியும் என்பதால், என் எண்ணத்தில் கூடுதல் பங்கு அவர் பக்கம் போவதே முறை.

காங்கேயத்து விவசாயி

இதை நானும் வழிமொழிகிறேன். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல் கணக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு அது பாதுகாப்பு. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது, வியாபாரம் கெடாது. ஒருவருக்கு அந்தக் கணக்கே தெரியாது என்றால் துண்டை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். தொகையைச் சொல்வதோடு நிறுத்தாமல், அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் அவர் முன் வைத்துவிடுங்கள்.

சென்னிமலை மெக்கானிக்

வண்டியைப் பார்க்காமலே எல்லாரும் விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து மாதம் நின்ற வண்டி. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். டேங்க் பாதிக்கும் குறைவாக இருந்து அப்படியே நின்றிருந்தால் உள்ளே துரு விழுந்திருக்கலாம். இது பி.எஸ். 6 வண்டி, கார்புரேட்டர் கிடையாது, டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது. அதை நனைத்துக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோலோடு சாவியைத் திருகித் திருகி ஸ்டார்ட் செய்ய முயற்சிக்காதீர்கள்; முதலில் வடித்துவிடுங்கள். பார்க்க வருகிறவர் வரும்வரை வண்டியைச் சூடாக்கவும் வேண்டாம். குளிர்ந்த இன்ஜின் முதல் உதையில் எப்படிப் பிடிக்கிறது, முதல் அரை நிமிடம் என்ன புகை வருகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இன்ஜினைப் பிரித்து ரிங், போர் வேலை செய்ய வேண்டி வந்தால் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

காப்பீடு முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்குள் மூன்றாம் நபர் காப்பீடு ஓராண்டுக்குப் போட்டுவிடலாம். அதற்கு முன் பார்க்க வேண்டுமென்றால் யாருடைய தோட்டத்துக்குள்ளாவது ஓட்டிப் பாருங்கள்.

பல்லடம் வாசகி

விலையை விடப் பெரிய ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். அந்த வண்டி யார் பெயரில் இருக்கிறது? இறந்தவர் பெயரில். அவர் கையெழுத்துப் போட முடியாது. அவருடைய மனைவி கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. முதலில் படிவம் 31 மூலம் அந்த அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். விதிப்படி முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாமல், தாமதக் கட்டணம் கேட்டால் கட்டிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகே படிவம் 29, 30 கொண்டு உங்கள் பெயருக்கு.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கணவர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய வண்டியை உறவினர் ஒருவர் 12 ஆயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். "பழைய வண்டி, இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க" என்றார், நானும் தலையாட்டினேன். அந்தத் தொகையும் மூன்று தவணையாக வந்தது. பெயர் மாற்றவே இல்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், தலைக்கவசம் போடாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் அபராதக் குறுஞ்செய்திகள் என் கணவருடைய கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தன. அந்த எண்ணை நான் நிறுத்த மனமில்லாமல் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒலி கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். யாரிடம் விற்றேனோ அவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தம்பி, நீங்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் உங்கள் கணக்கை அவரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள். நான்கு நாள் வைத்திருந்து அவருக்கு வேண்டிய யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். பணத்தை ஒரே தவணையாக அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். விலையில் ஆயிரம் ரூபாய் கூடக் குறைய இருந்தாலும், இவற்றைச் செய்தால் அவர் மனம் ஆறும்.

பெருந்துறைப் பணியாளன்

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே போய் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதோடு இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. கடன் 2023லேயே முடிந்துவிட்டதாக அம்மா சொல்கிறார்.

அவிநாசி முன்னாள் கன்சல்டிங்காரர்

முடிந்த கடன் என்றால் கவலை வேண்டாம். ஆனால் அது நீங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஃபைனான்ஸில் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் வாங்கி, பெயர் மாற்றத்தோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். கையோடு பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெருந்துறைப் பணியாளன்

நிலுவை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்து, அம்மாவும் அருகில் இருக்கும்போதே பார்த்தோம். பெட்ரோலை ஒரு வெள்ளை வாளியில் வடித்தபோது அடியில் செம்மண் கரைத்ததுபோல் லேசாகத் துரு இறங்கியது. டேங்கைக் கழுவினால் போதும் என்றார். பேட்டரியில் உயிர் அவ்வளவாக இல்லை, மாற்ற வேண்டும். புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்ததில் நான்காவது உதையில் பிடித்தது. புகை இல்லை. டைமிங் செயின் சத்தமும் இல்லை. பின் டயரில் 1823 என்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் என்று விளக்கினார், வரி இன்னும் இருக்கிறது. முன் டயர் 4620, வண்டியோடு வந்தது. ஓரம் முழுக்க மயிரிழைபோல் வெடிப்பு. கைப்பிடியைத் திருப்பினால் நடுவில் ஒரு சிறு பிடிப்பு இருக்கிறது, கோன் செட் மாற்ற வேண்டும். செயின் ஸ்ப்ராக்கெட் முடிந்துவிட்டது.

அவர் எழுதித் தந்த செலவு: பேட்டரி 1,300, டேங்க் கழுவி ஆயில் மாற்ற 500, முன் டயர் 1,500, செயின் ஸ்ப்ராக்கெட் 1,400, கோன் செட் கூலியோடு 700. மொத்தம் 5,400. இதை 41,900இல் கழித்தால் 36,500. இதுதான் விலையா?

சென்னிமலை மெக்கானிக்

இன்ஜின் சுத்தமாக இருக்கிறது, அதுவே பெரிது. 36,500 சரியான விலை. செலவு உங்கள் கையிலிருந்து போகிறது, கழிக்கத்தான் வேண்டும்.

கோபி கணக்காளர்

நான் மறுக்கிறேன். புதிய வண்டியின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று ஏற்கெனவே கழித்துவிட்டோம். அந்தப் பாதிக்குள் டயரும் செயினும் தேய்ந்ததும் அடக்கம். ஐந்து வருட வண்டியில் எல்லாப் பொருளும் புதிதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாதித் தேய்மானத்தோடு இருக்கும் என்றுதான் அந்த விலை. இப்போது அதே டயருக்கு முழு விலையையும் மறுபடி கழித்தால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை கழிப்பதாகும். வண்டி நின்றதால் வந்த பேட்டரி, டேங்க் செலவு 1,800ஐ முழுமையாகக் கழியுங்கள். ஓட்டத்தில் தேய்ந்த மூன்றுக்கும் 3,600; அதில் பாதி 1,800. ஆக 3,600 கழித்து, 38,300.

சென்னிமலை மெக்கானிக்

ஐயா சொல்வது ஏட்டில் சரி. முன் டயர் பாதி தேய்ந்த டயர் இல்லை, வெடித்த டயர். அதைப் போட்டுக்கொண்டு சாலையில் ஓட்டச் சொல்வீர்களா? தம்பி நாளைக்கே 1,500 எடுத்து வைக்க வேண்டும்.

கோபி கணக்காளர்

எடுத்து வைக்கட்டும். ஆனால் அந்தப் புதிய டயர் அடுத்த ஐந்து ஆண்டு தம்பிக்குத்தானே ஓடப் போகிறது? அதன் முழு விலையையும் அந்த அம்மா ஏன் ஏற்க வேண்டும்?

பல்லடம் வாசகி

இரண்டு கணக்கையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள் தம்பி. முடிவை அவரே சொல்லட்டும்.

பெருந்துறைப் பணியாளன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். இங்கே நடந்த வாதத்தைச் சொல்லாமல், மெக்கானிக் கணக்குப்படி 36,500 வந்த தாளை மட்டும் முதலில் கொடுத்தேன். அது என் தவறு. மற்றொரு கணக்கையும் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். டயர் வரியில் விரல் நின்றது. "டயருக்கு எதுக்குங் கண்ணு முழுசாக் கழிக்கோணும்? அவரு ஓட்டித் தேஞ்சதுக்குத்தான மேலயே பாதி கழிச்சுப்போட்டயே?" என்று கேட்டார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவர், ஐயா இங்கே எழுதியதை அப்படியே கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உடனே அடுத்த தாளையும் எடுத்துக் கொடுத்து, இங்கே பேசிய அனைத்தையும் சொன்னேன்.

தாளைக் காங்கேயத்திலிருந்து வந்த அவருடைய தம்பியிடம் காட்டினார். அவர் 40 சொன்னார். நான் 38,300இல் தொடங்கி, சர்வீஸ் புத்தகம் முழுமையாக இருப்பதையும் இன்ஜின் நிலையையும் மனதில் வைத்து 39 ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டேன். இரண்டு பெயர் மாற்றச் செலவும் என்னுடையது. கன்சல்டிங் அண்ணன் சொன்ன அளவுக்குள்ளேயே இருக்கிறது என்பதில் எனக்கு நிறைவு.

வாரிசுச் சான்றிதழ் ஓய்வூதியத்துக்காக ஏற்கெனவே இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கி வைத்திருந்தார்கள். அதனால் அந்த அலைச்சல் மிச்சமானது. மகள் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார். ஃபைனான்ஸ் சான்று நேற்று கைக்கு வந்தது. படிவம் 31உம் 35உம் சேர்த்து இன்று காலை பெருந்துறை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். ஆர்.சி. அம்மாவின் பெயரில் வந்ததும் பணம் முழுவதும் அவர் கணக்கில் போட்டுவிட்டு, அன்றே 29, 30 கொடுப்பதாகப் பேச்சு.

பல்லடம் வாசகி

இறந்தவருடைய கைப்பேசி எண்தானே பதிவேட்டில் இருக்கும்? உங்கள் பெயருக்கு மாறும்போது உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள் தம்பி, மறந்துவிட வேண்டாம்.

பெருந்துறைப் பணியாளன்

குறித்து வைத்துக்கொண்டேன் அக்கா. விண்ணப்பத்தில் அதை முதலில் எழுதுகிறேன்.